திறப்பு யாருடைய கையில்?

கடந்த மாதம் ஒரு நாள் நள்ளிரவு தாண்டிய வேளையில் எனது சகோதரியின் மகள் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். அங்கு அது பிற்பகல். அகால வேளையில் வரும் அழைப்பை எமது தலைமுறை இன்னமும் நெஞ்சு படபடக்கத்தான் எடுக்கிறது. நல்லவேளையாக அது மரணச் செய்தி அல்ல. அவளுடைய பதினான்கு வயது மகனின் டெப் பூட்டிக் கிடக்கிறது என்பதே விடயம்.

"மாமா, நான் போட்டுக் குடுத்த நம்பரை இவன் மாத்திப்போட்டான். எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் அடிச்சுப் பார்த்தன். இப்ப ஒரு மணித்தியாலம் பொறுக்கச் சொல்லுது. இதைத் திறக்க வழி ஒண்டும் இல்லையோ?"

பத்திரிகைக்காரனுக்கு உலகத்தில் தெரியாதது எதுவும் இல்லை என்ற நம்பிக்கை எங்கள் குடும்பத்தில் நீண்ட காலமாக உண்டு. அதைக் கலைக்க நானும் பெரிதாக முயன்றதில்லை. ஆனால் அன்று அவள் பேசிய தொனியில் வேறொன்று இருந்தது. இரண்டு வாரங்களாகப் பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாருடனும் பேசுவதில்லை, பாடசாலையிலிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்துவிட்டது. என்ன நடந்தது என்பதற்கான விடை அந்தக் கண்ணாடிப் பலகைக்குள் இருக்கிறது என்று அவள் நம்பினாள். அருகிலுள்ள கடையொன்றில் விசாரித்தபோது, நாற்பது டொலர் தந்தால் திறந்து தருவோம், ஆனால் உள்ளே உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்றார்களாம். வீட்டைத் திறப்பதற்கு வீட்டையே கொளுத்துவது போன்ற வழி.

எனக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. அன்று தூக்கமும் வரவில்லை. பிள்ளைகளுக்கும் அவர்கள் பார்க்கும் பொருளுக்கும் இடையில் பூட்டுப் போடும் இந்த வழக்கம் எங்கிருந்து தொடங்கியது, அதன் திறப்பு கைமாறிக் கைமாறி இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பல நாள் தேடியதன் விளைவு இந்தப் பதிவு.

என் வயதை ஒத்த வாசகர்களுக்குப் பழைய கறுப்புத் தொலைபேசி நினைவிருக்கும். விரலை நுழைத்துச் சுழற்றும் வட்டத் தகடு. அந்தத் தகட்டின் துவாரமொன்றில் சின்னஞ்சிறு பூட்டு ஒன்றை மாட்டிவிடுவார்கள். தகடு சுழலாது. வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுக்கலாம், இங்கிருந்து யாரையும் அழைக்க முடியாது. எங்கள் ஊரில் தொலைபேசி இருந்த வீடுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவற்றில் பாதிக்கு இந்தப் பூட்டு இருந்தது. கட்டணத்துக்குப் பயந்து போட்ட பூட்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். வயது வந்த பெண் பிள்ளைகள் இருந்த வீடுகளிலேயே அது அதிகம் காணப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பூட்டை வென்ற பிள்ளைகளும் இருந்தார்கள். வட்டத் தகடு செய்வது ஒன்றே ஒன்றுதான்: இலக்கத்தின் அளவுக்கு மின்னோட்டத்தைத் துண்டித்துத் துண்டித்து விடுவது. மூன்றைச் சுழற்றினால் மூன்று துண்டிப்பு, பூச்சியத்தைச் சுழற்றினால் பத்து. ஒலிவாங்கியை வைக்கும் குமிழை அதே எண்ணிக்கையில் சீராகத் தட்டினாலும் அதே பலன். தகடு பூட்டியபடி இருக்க அழைப்பு போய்ச் சேர்ந்துவிடும். என் பாடசாலைத் தோழன் ஒருவன் இதில் விற்பன்னன். பூச்சியம் நிறைந்த இலக்கங்களுக்கு மட்டும் சற்றுப் பொறுமை தேவை என்பான்.

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 இல் ஆரம்பித்தது. ரூபவாகினி 1982 இல் வந்தது. அதனுடன் இழுத்து மூடும் கதவு வைத்த மரப்பெட்டிகளும் வந்தன. பரீட்சைக் காலத்தில் கதவு பூட்டப்படும். திறப்பு அம்மாவின் சேலைத் தலைப்பில் அல்லது சுவாமி அறைத் தட்டில் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். தெரிந்தும் எடுக்காமல் இருப்பதே அந்தப் பூட்டின் உண்மையான வலிமை. இந்த விடயத்தை இங்கே குறித்து வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

பெற்றோரின் பூட்டு சட்டப் புத்தகத்தில் ஏறிய கதைக்கு அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும். அங்கு வீடுகளுக்குக் கேபிள் தொலைக்காட்சி பரவிய காலத்தில், 1984 ஆம் ஆண்டின் கேபிள் தொடர்பாடல் கொள்கைச் சட்டம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. சந்தாதாரர் கேட்டால், குறித்த அலைவரிசையை அடைத்துவைக்கும் பூட்டுப் பெட்டியை நிறுவனம் விலைக்கோ வாடகைக்கோ வழங்க வேண்டும் என்பது அது. கேட்டவர்களுக்கு மட்டும். அரசாங்கம் தானே எதையும் தடுக்காமல், தடுக்கும் அதிகாரத்தை வீட்டுக்குள் அனுப்பிவைத்த முதல் நடவடிக்கைகளில் இதுவும் ஒன்று.

அடுத்த அத்தியாயம் கனடாவில், இரத்தத்தில் தொடங்குகிறது. 1989 டிசெம்பர் 6 ஆம் திகதி மொன்றியல் நகரின் பொறியியற் கல்லூரி ஒன்றில் துப்பாக்கியுடன் நுழைந்த ஒருவன் பெண்களைத் தெரிந்தெடுத்துச் சுட்டான். பதினான்கு பெண்கள் கொல்லப்பட்டனர். திரையில் காட்டப்படும் வன்முறை பற்றிய விவாதம் அந்நாட்டில் கொதித்தெழுந்தது. 1992 இல் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, தன் தங்கை கொலையுண்ட துயரத்திலிருந்து எழுந்து, தொலைக்காட்சி வன்முறைக்கு எதிராகப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி அன்றைய பிரதமர் பிரயன் மல்றோனியிடம் கையளித்தாள். பிள்ளைகளைக் காப்பது பற்றிப் பெரியவர்கள் ஓயாமல் பேசும் இந்த வரலாற்றில் ஒரு பிள்ளையே முன்வந்து பேசிய அரிய தருணம் அது.

மொன்றியல் கொலைகளால் உலுக்கப்பட்டவர்களுள் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொறியியலாளர் ரிம் கொலிங்ஸும் ஒருவர். அவர் உருவாக்கியதே 'வி-சிப்' எனப்படும் சில்லு. நிகழ்ச்சியுடன் சேர்ந்து அதன் தரப்படுத்தலும் கண்ணுக்குத் தெரியாத சங்கேதமாக வரும். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் சில்லு அதைப் படித்து, பெற்றோர் விதித்த எல்லையைத் தாண்டிய நிகழ்ச்சியாயின் திரையை மறைத்துவிடும். திறப்புக்குப் பதிலாக இரகசிய இலக்கம். என் மருமகள் கனடாவில் இருந்துகொண்டு தவிக்கும் அந்த இலக்கத்தின் முன்னோர்களில் ஒன்று அவள் குடியேறிய நாட்டிலேயே பிறந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

ஜனாதிபதி கிளின்டன் 1996 பெப்ரவரி 8 ஆம் திகதி கைச்சாத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம் வி-சிப்பைக் கட்டாயமாக்கியது. 13 அங்குலமும் அதற்கு மேற்பட்ட திரையும் கொண்ட புதிய தொலைக்காட்சிப் பெட்டிகள் அனைத்திலும் 2000 ஜனவரி முதலாம் திகதிக்குள் அது இருக்க வேண்டும் என்பது நடைமுறை. தொலைக்காட்சி நிறுவனங்கள் முதலில் எதிர்த்தன, பின்னர் தாமாகவே தரப்படுத்தல் முறையொன்றை வகுத்து 1997 இல் செயற்படுத்தின. ஒரு தலைமுறையின் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்பது போலவே அரசியல்வாதிகள் பேசினார்கள்.

நடந்தது என்ன? கைசர் குடும்ப நிதியம் 2001 இல் நடத்திய ஆய்வின்படி, வி-சிப் உள்ள பெட்டியை வைத்திருந்த பெற்றோரில் 17 வீதமானோரே அதைப் பயன்படுத்தியிருந்தனர். தமது பெட்டிக்குள் அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அதற்கு முந்திய ஆண்டு, பிளேபோய் நிறுவனம் தொடர்ந்த வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன்வைக்கப்பட்ட தகவல் இன்னும் வியப்பானது. வேண்டாத அலைவரிசையை முற்றாக அடைத்துத் தருமாறு கேட்ட கேபிள் சந்தாதாரர்கள் 0.5 வீதத்துக்கும் குறைவு. பூட்டு வேண்டும் என்று கோஷமிட்ட சமூகம், பூட்டு கைக்கு வந்ததும் அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டது. பெற்றோரின் அசட்டை என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே அறையில் ஒரே பெட்டியைக் குடும்பமே பார்த்த காலம் அது. தாயோ தந்தையோ எழுந்து சென்று அலைவரிசையை மாற்றினால் போதும். பூட்டின் வேலையைப் பார்வை செய்தது.

இணையம் வந்ததும் அந்தப் பார்வைக்கு இடமில்லாமற் போயிற்று. எமது நாட்டில் வர்த்தக ரீதியான இணையச் சேவை ஆரம்பித்த 1995 ஆம் ஆண்டில், வோஷிங்டனில் செனட்டர் ஜேம்ஸ் எக்சன் நீல நிற அட்டைக் கோவையொன்றுடன் சபைக்கு வந்தார். இணையத்திலிருந்து எடுக்கப்பட்ட ஆபாசப் படங்களின் அச்சுப் பிரதிகள் அதற்குள் இருந்தன. சக உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். 84 வாக்குகளுக்கு 16 வாக்குகள் என்ற கணக்கில் அவரது பிரேரணை நிறைவேறியது. எதிர்த்து வாக்களிக்கத் துணிந்த பதினாறு பேரை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. அடுத்த சில வாரங்களில் 'டைம்' சஞ்சிகை இணைய ஆபாசத்தை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் ஆய்வை ஆதாரமாகக் கொண்ட கட்டுரை. அந்த ஆய்வு முறையாகச் செய்யப்பட்டதல்ல என்று சில நாட்களுக்குள்ளேயே அறிஞர்கள் கிழித்துப்போட்டார்கள். ஒரு செய்தியாளனாகச் சொல்கிறேன்: அட்டைப்படம் சென்ற வேகத்தில் திருத்தம் ஒருபோதும் செல்வதில்லை.

அதே ஆண்டில் தடுப்பு மென்பொருள்கள் கடைகளுக்கு வந்தன. சொற்களைக் கொண்டு உலகத்தை வடிகட்டலாம் என்று நம்பிய அவற்றின் கதை ஒரு நகைச்சுவை நாடகம். 1996 இல் 'சேர்ஃப்வொச்' என்ற மென்பொருள் வெள்ளை மாளிகையின் இணையப் பக்கமொன்றைத் தடைசெய்தது. ஜனாதிபதி, உப ஜனாதிபதி தம்பதியர் பற்றிய அந்தப் பக்கத்தின் முகவரியில் தம்பதிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இருந்ததே குற்றம். அதற்குச் சற்று முன் அமெரிக்கா ஒன்லைன் நிறுவனம் மார்பகத்தைக் குறிக்கும் சொல்லைத் தகாத சொல்லாக்கியதால், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ள முடியாமற் போயிற்று. அவர்கள் கொதித்தெழுந்த பின்னரே தடை நீங்கியது. இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்ற ஊரின் மக்கள் தமது ஊர்ப் பெயரைப் பதிய முடியாமல் திண்டாடினார்கள். பெயருக்குள் நாலெழுத்து வசையொன்று ஒளிந்திருந்ததைக் கணனி கண்டுபிடித்துவிட்டது!

எக்சனின் சட்டத்தை 1997 ஜூன் 26 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் இரத்துச் செய்தது. பிள்ளைகளைக் காப்பதற்காக வளர்ந்தவர்களின் பேச்சை நசுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பெற்றோர் தாமே கட்டுப்படுத்த உதவும் மென்பொருள்கள் இருப்பதையும் வந்துகொண்டிருப்பதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினர். தீர்ப்பு சரியானது என்பதே என் கருத்து. ஆயினும் அதற்குள் ஒரு கைமாற்றம் நிகழ்ந்தது. அரசு விட்டுக்கொடுத்த திறப்பு பெற்றோரின் கைக்கு நேராக வரவில்லை, மென்பொருள் விற்பவரின் கையூடாகவே வந்தது.

மறு ஆண்டு நிறைவேறி 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிள்ளைகளின் இணைய அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம், 13 வயதுக்குக் குறைந்தோரின் விபரங்களைப் பெற்றோரின் சம்மதமின்றித் திரட்டக்கூடாது என்றது. நிறுவனங்கள் விபரம் சேகரிப்பது பற்றிய விதி அது. வளர்ந்துவிட்டான் என்று சொல்வதற்கான வயதல்ல. ஆனால் அந்த 13 உலகமெங்கும் பரவிவிட்டது. கூகிள் நிறுவனம் 2017 இல் குடும்பக் கண்காணிப்புச் செயலியைக் கொண்டுவந்தபோது, பெரும்பாலான நாடுகளில் 13 வயது நிறைந்ததும் பிள்ளை தானாகவே கண்காணிப்பிலிருந்து விலகிக்கொள்ள முடிந்தது. பதின்மூன்றாவது பிறந்த நாளில் கேக்குடன் விடுதலையும் வந்தது.

இதுவரை சொன்ன பூட்டுகள் எல்லாம் வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுக்கப் போட்டவை. உள்ளே இருப்பதை வெளியே விடாத பூட்டின் கதை வேறு. அதைச் செய்தவர்கள் பிள்ளைகளைப் பற்றி நினைக்கவே இல்லை.

அப்பிள் நிறுவனத்தின் ஐபேட் 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. கைத்தொலைபேசித் திருட்டு நகரங்களில் பெருகிய வேளையில், 2013 இல் அந்நிறுவனம் திருடப்பட்ட சாதனத்தைத் திருடன் மீண்டும் இயக்க முடியாத பூட்டைச் சேர்த்தது. அதே ஆண்டில் எட்வேர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவமைப்புகளின் கண்காணிப்பை அம்பலப்படுத்தினார். 2014 செப்டெம்பரில் அப்பிள் அறிவித்தது: பாவனையாளரின் இரகசிய இலக்கம் இல்லாமல் தம்மாலும் சாதனத்தைத் திறக்க முடியாது, நீதிமன்றம் கட்டளையிட்டாலும் முடியாது. சுருக்கமாகச் சொன்னால், உள்ளே உள்ள ஒவ்வொரு எழுத்தும் படமும் சங்கேதமாக மாற்றப்பட்டிருக்கும். அதை மீட்கும் திறப்பு, சில்லுக்குள் பதிக்கப்பட்ட இலக்கமும் உரிமையாளர் மனதில் உள்ள இலக்கமும் சேர்ந்தால் மட்டுமே உருவாகும். பிழையாக அடித்தால் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஒரு மணித்தியாலம் என்று தண்டனை கூடிக்கொண்டே போகும். 2019 இல் 'நியூயோக்கர்' சஞ்சிகையின் எழுத்தாளர் இவான் ஒஸ்னோஸின் மூன்று வயதுப் பிள்ளை ஐபேட்டில் இலக்கங்களை அடித்து விளையாடியதன் பலனாக, 2 கோடியே 55 இலட்சத்து 36 ஆயிரத்து 442 நிமிடங்கள் கழித்து முயலுமாறு அது கூறியது. ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள். படத்தைப் பார்த்து உலகமே சிரித்தது. என் மருமகளுக்கு இதைச் சொல்லவில்லை.

இந்தப் பூட்டின் வலிமையை உலகம் அறிந்தது 2016 இல். முந்திய டிசெம்பரில் கலிபோர்னியாவின் சான் பெர்னாடினோவில் பதினான்கு பேரைக் கொன்ற தாக்குதலாளியின் கைத்தொலைபேசியைத் திறக்க உதவுமாறு நீதிமன்றம் இட்ட கட்டளையை அப்பிள் எதிர்த்தது. கடைசியில் எவ்.பி.ஐ. வேறு ஆட்களின் உதவியுடன் அதைத் திறந்துகொண்டது. பலரும் மறந்துபோன விடயம் ஒன்று உண்டு. அந்தத் தொலைபேசி கொலையாளியுடையதல்ல, அவர் வேலை செய்த மாவட்ட நிர்வாகத்தின் சொத்து. தன் தொலைபேசிகளைத் தொலைவிலிருந்தே திறந்துகொள்ள உதவும் மென்பொருளுக்கு நிர்வாகம் பணமும் கட்டியிருந்தது. அந்தத் தொலைபேசியில் அதை நிறுவ மட்டும் தவறிவிட்டது. வி-சிப் பெற்றோரைப் போலவே.

அந்த வழக்கின் ஆரவாரத்தில், அதே மார்ச் மாதம், இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஒருவர் அப்பிளின் தலைவர் ரிம் குக்குக்கு எழுதிய கடிதம் செய்தியானது. எத்தியோப்பியாவிலிருந்து தத்தெடுத்து வளர்த்த அவரது பதின்மூன்று வயது மகன் எலும்புப் புற்றுநோயால் 2015 செப்டெம்பரில் இறந்துவிட்டான். கடைசி மாதங்களின் படங்களும் எண்ணங்களும் அவனது ஐபோனுக்குள் இருந்தன. தகப்பனும் திறக்க வேண்டும் என்பதற்காகப் பையன் தகப்பனின் விரலடையாளத்தையும் அதில் பதிந்து வைத்திருந்தான். ஆனால் சாதனம் ஒருமுறை நின்று மீண்டும் இயங்கினால் விரலை ஏற்காது, இலக்கத்தையே கேட்கும். இலக்கம் பையனோடு போய்விட்டது. நிறுவனம் அனுதாபத்துடன் நடந்துகொண்டது, ஆனால் உள்ளே செல்ல அதனிடமும் வழி இருக்கவில்லை. பிள்ளை தன் கையால் கொடுத்துவிட்டுப் போன திறப்பு அது. பூட்டுக்கு அது தெரியாது.

இதைவிட நீண்ட வழக்கொன்று ஜேர்மனியில் நடந்தது. 2012 டிசெம்பரில் பேர்லின் நிலக்கீழ் ரயில் நிலையமொன்றில் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி ரயிலில் மோதுண்டு இறந்தாள். விபத்தா, தற்கொலையா என்பது தெரியவில்லை. ரயில் சாரதி மன உளைச்சலுக்காக இழப்பீடு கேட்டிருந்தமையால் பெற்றோருக்கு விடை சட்ட ரீதியாகவும் தேவைப்பட்டது. ஆனால் இழப்பீட்டுக்காகவா ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறுவாள்?

பதினான்காவது வயதில் பெற்றோரின் சம்மதத்துடன் பேஸ்புக்கில் சேர்ந்த மகள், தன் கடவுச்சொல்லைத் தாயிடம் கொடுத்திருந்தாள். மகள் இறந்தபின் தாய் அதைப் பயன்படுத்த முயன்றபோது கணக்கு அடைக்கப்பட்டிருந்தது. மரணம் பற்றி நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்டதால், சில நாட்களுக்குள்ளேயே அது நினைவுப் பக்கமாக மாற்றப்பட்டிருந்தது. சரியான கடவுச்சொல்லுக்கும் கதவு திறக்கவில்லை. பெற்றோர் வழக்குத் தொடர்ந்தார்கள்.

முதல் நீதிமன்றம் 2015 டிசெம்பரில் பெற்றோரின் பக்கம் நின்றது. பேர்லின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017 மே மாதத்தில் அதைத் தலைகீழாக்கியது. மகள் மட்டுமல்ல, அவளுக்கு எழுதியவர்களும் இருக்கிறார்கள், அவர்களது தொடர்பாடலின் இரகசியத்தைச் சட்டம் காக்கிறது, அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை என்றது. இந்தத் தீர்ப்பைக் கண்டித்து எழுதியவர்கள் பலர். எனக்கோ இதை ஒதுக்கித் தள்ள மனம் வரவில்லை. அந்தச் சிறுமிக்கு எழுதியவர்களில் பலரும் அவள் வயதுப் பிள்ளைகளாகவே இருந்திருப்பார்கள். தோழியை நம்பி எழுதியதை அவளின் தாய் படிக்கப்போகிறாள் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

2018 ஜூலை 12 ஆம் திகதி ஜேர்மனியின் மத்திய உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பை வழங்கியது. இறந்தவரின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் வாரிசுகளுக்குச் சேர்கின்றன, இலத்திரனியல் வடிவில் இருப்பதால் மட்டும் அதை வேறாக நடத்த நியாயமில்லை என்று நீதிபதிகள் கூறினர். நண்பர்கள் பற்றிய வாதத்துக்கும் பதில் இருந்தது. செய்தி அனுப்புபவர் ஒரு கணக்குக்கு அனுப்புகிறார், அந்தக் கணக்கை உரியவரைத் தவிர வேறொருவர் பார்க்கும் சாத்தியம் எப்போதும் இருக்கவே செய்கிறது, கணக்காளர் இறந்து வாரிசு பார்ப்பதும் அவற்றுள் ஒன்று.

தீர்ப்பின் பின்னர் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை ஒழுங்கின்றி ஒரே கோப்பாக்கிச் சேமிப்புக் குச்சி ஒன்றில் கொடுத்தது. தாயும் தகப்பனும் மீண்டும் நீதிமன்றம் சென்றார்கள். 2020 ஓகஸ்ட் 27 ஆம் திகதி அதே உச்ச நீதிமன்றம், மகள் உலாவியது போலவே பெற்றோரும் அந்தக் கணக்கினுள் உலாவிப் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. மகள் உயிரோடு இருந்தபோது ஒரு சொல்லில் கொடுத்த அனுமதி, கணக்கில் இறந்தபின் ஏழரை ஆண்டுகளுக்கு மேல் கழித்தே செல்லுபடியாயிற்று.

பெற்றோருக்கான கருவிகள் வராமல் இல்லை. அப்பிளின் பங்குகளை வைத்திருந்த கலிபோர்னிய ஆசிரியர் ஓய்வூதிய நிதியமும் இன்னொரு முதலீட்டு நிறுவனமும் 2018 ஜனவரியில் பகிரங்கக் கடிதமொன்றில், பிள்ளைகளின் பாவனையைப் பெற்றோர் கட்டுப்படுத்தக் கூடுதல் வழி செய்யுமாறு கேட்டன. அந்த ஆண்டு செப்டெம்பரில் திரை நேரக் கட்டுப்பாடு வந்தது. எத்தனை மணித்தியாலம், எந்தச் செயலி, எந்த வேளை என்றெல்லாம் தாய் தகப்பன் விதிக்கலாம். அதற்கும் ஒரு தனி இலக்கம் உண்டு. உள்ளே பிள்ளை என்ன எழுதுகிறான் என்பதை அது சொல்லாது. சொல்ல வேண்டுமா என்பதும் எளிய கேள்வி அல்ல. இங்கே 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசியைக் கண்ணிலும் காட்டாத பெற்றோர் கடன்பட்டு வாங்கிக் கொடுத்தார்கள். சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் குன்றேறிய படங்களைப் பார்த்தோம். பூட்டைப் பற்றி நினைக்க அப்போது எவருக்கும் நேரமிருக்கவில்லை.

இவ்வளவையும் படித்த பின்னர் மருமகளை அழைத்தேன். இத்தாலியத் தகப்பனின் கதையையும் பேர்லின் தாயின் கதையையும் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள். பின்னர், "அந்தப் பிள்ளையள் ரண்டும் தாங்களாத்தானே மாமா குடுத்ததுகள்" என்றாள். ஆம் என்றேன். நீ அவனிடம் கேட்டாயா என்று நான் கேட்டேன். இலக்கத்தைக் கேட்டுச் சண்டை பிடித்ததாகச் சொன்னாள். என்ன நடந்தது என்று கேட்டாயா என்றேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அவளே அழைத்தாள். இந்தத் தடவை எமது பகல் வேளையில். கடைக்குக் கொடுக்கவில்லையாம். இரவொன்றில் பையன் அவளது அறைக்கு வந்து, டெப்பைத் தானே திறந்து, வகுப்புத் தோழர் சிலர் கூட்டாக அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறான். எந்தச் செய்தி, யார் அனுப்பியது என்பதெல்லாம் அவனது விடயம், இங்கே எழுதமாட்டேன். மறுநாள் தாயும் மகனுமாகப் பாடசாலைக்குப் போயிருக்கிறார்கள். விசாரணை நடக்கிறது.

"நம்பர் என்ன எண்டு கேட்டியோ?" என்றேன்.

"இல்லை மாமா, கேக்கேல்லை. இப்பவும் எனக்குத் தெரியாது" என்றாள்.